பெட்டி சொன்னதைப் படித்தவர்கள்

(ஜி.எஸ்.டி. சாலை முதல் மாமல்லை வரை: கணினித் தொழிலின் கதை – 17)

சென்ற பகுதியில், கொளவாய் ஏரியை ஒட்டிய பரனூரில் 2002இல் மகிந்திரா வேர்ல்ட் சிட்டி வந்ததையும், பழைய மாமல்லபுரம் சாலையில் சிறுசேரி சிப்காட் பூங்காவுக்குள் கம்பெனிகள் ஒவ்வொன்றாக இடம்பிடித்ததையும் பார்த்தோம். நிலம், கட்டடம், பேருந்து என்று பேசியதிலேயே அந்தப் பகுதி முடிந்துபோனது. கட்டடங்களுக்குள் இரவும் பகலும் வந்துபோன தகவலுக்கு என்ன காவல் இருந்தது என்பது இந்த வாரக் கதை. இதில் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு உரிய பங்கு சற்று வித்தியாசமானது, பலரும் பேசாதது.

2000களின் நடுவில் இந்த வட்டாரத்துக்கு வந்த வேலையில் பெரும்பகுதி அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளுடையது, காப்பீட்டு நிறுவனங்களுடையது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி ஓ.டி.சி., அதாவது அவருக்கென்றே ஒதுக்கிய பணிமையம். தனித் தளம், தனிக் கதவு, தனி அடையாள அட்டை. பக்கத்துத் தளத்தில் போட்டி வங்கியின் வேலை நடந்துகொண்டிருக்கலாம். ஆகவே தணிக்கைக்கு வருகிறவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தளத்தின் நெட்வொர்க்குக்கும் அந்தத் தளத்தின் நெட்வொர்க்குக்கும் நடுவில் என்ன நிற்கிறது?

நடுவில் நின்றது ஒரு ரேக். மேல் தட்டில் ஃபயர்வால். அதன் கீழே ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் கருவி. அதற்கும் கீழே மின்னஞ்சலில் வைரஸ் தேடும் ஒரு சர்வர், இணையதளங்களைத் தடுக்கும் பிராக்ஸி ஒன்று, வாடிக்கையாளரின் அலுவலகத்தோடு ரகசியக் குழாய் போடும் வி.பி.என். கருவி ஒன்று. ஐந்தும் ஐந்து கம்பெனிகளின் தயாரிப்பு. ஐந்துக்கும் தனித்தனித் திரை, தனித்தனி ஆண்டு உரிமம். ஒன்றில் எச்சரிக்கை வந்தால் மற்ற நான்குக்கும் அது தெரியாது. இரவுப் பணியில் இருக்கும் பொறியாளர்தான் ஐந்து திரைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்து, மனத்துக்குள் கூட்டிக் கழித்து, நடந்தது என்ன என்று முடிவுக்கு வரவேண்டும்.

ஐந்தையும் ஒரே பெட்டிக்குள் அடைத்தால் என்ன என்ற எண்ணம் அப்போது கலிஃபோர்னியாவில் சரக்காகியிருந்தது. அதற்கு முன்கதை சிறியது. இஸ்ரேலில் 1993இல் தொடங்கிய செக் பாயின்ட், வந்துபோகும் ஒவ்வொரு பாக்கெட்டையும் தனியாகப் பார்க்காமல், அது எந்த உரையாடலின் பகுதி என்பதை நினைவில் வைத்து அனுமதிக்கும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. சிஸ்கோ 1995இல் பிக்ஸ் ஃபயர்வாலை விலைக்கு வாங்கிக்கொண்டது. நெட்ஸ்கிரீன் என்ற கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான கென் ஷீ, அதைவிட்டு வெளியே வந்து 2000இல் தம்பி மைக்கேலோடு ஃபார்டிநெட்டைத் தொடங்கினார். அவர்களுடைய ஃபார்டிகேட் பெட்டி 2002இல் வந்தது. ஃபயர்வால் வேலையும் வைரஸ் தேடும் வேலையும் ஒரே பெட்டியில். அதற்கென்றே வடிவமைத்த சிப்புடன். இரண்டே ஆண்டுகளில் ஐ.டி.சி. ஆய்வு நிறுவனம் இவ்வகைப் பெட்டிகளுக்கு யு.டி.எம். (ஒருங்கிணைந்த அச்சுறுத்தல் மேலாண்மை) என்று பெயர் சூட்டியது. பெயர் வந்ததும் டெண்டர் படிவங்களில் அதற்கொரு வரி வந்துவிட்டது.

இந்தியாவிலும் ஒரு பெட்டி பிறந்தது, அகமதாபாத்தில். 1999இல் தொடங்கிய எலைட்கோர் டெக்னாலஜிஸ், இணையச் சேவை தருகிறவர்களுக்கான பில்லிங் மென்பொருளில் கால் ஊன்றிய கம்பெனி. யார் எத்தனை மணி நேரம் இணையத்தில் இருந்தார், எவ்வளவு டேட்டா எடுத்தார் என்று கணக்கு வைப்பதில் அவர்களுக்குக் கை தேர்ந்திருந்தது. அந்தக் கணக்கிலிருந்து கிளைத்ததுதான் சைபரோம். இந்தியப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் 2010 வாக்கில் இருந்தவர்களுக்கு, பிரவுசரைத் திறந்ததும் பெயரும் கடவுச்சொல்லும் கேட்டு, 8090 என்ற போர்ட் எண்ணோடு வந்து நிற்கும் அந்தப் பக்கம் மறந்திருக்காது.

மாணவர்கள் திட்டித் தீர்த்த அந்தப் பக்கத்துக்குள் ஒரு நல்ல யோசனை இருந்தது. மற்ற ஃபயர்வால்கள் கணினியின் முகவரியைப் பார்த்து முடிவு செய்தன. சைபரோம் ஆளைப் பார்த்து முடிவு செய்தது. நெட்வொர்க் பாடப்புத்தகத்தில் ஏழு அடுக்குகள் உண்டு. எட்டாவது அடுக்கு மனிதர் என்று சொல்லி அவர்கள் அதை விற்றார்கள். நம் ஊர் பி.பி.ஓ. தளத்தை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும். ஒரே மேசை, ஒரே கணினி, மூன்று ஷிஃப்ட், மூன்று பேர். பிற்பகல் 3 மணிக்கும் அதிகாலை 3 மணிக்கும் அந்த முகவரி ஒன்றுதான், ஆள் வேறு. முகவரியை வைத்து விசாரித்தால் மூவரும் சந்தேகத்துக்கு ஆளாவார்கள்.

பெரிய கம்பெனிகள் முதலில் யு.டி.எம்மைக் கிளை அலுவலகங்களோடு நிறுத்திக்கொண்டன. தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஃபயர்வால் வேலை உறையின் முகவரியைப் பார்ப்பதோடு ஏறக்குறைய முடிந்துவிடும். வைரஸ் தேடவும் ஊடுருவலைக் கண்டுபிடிக்கவும் உள்ளே இருப்பதை எடுத்து, ஆயிரக்கணக்கான அடையாளங்களோடு ஒப்பிட வேண்டும். எல்லா வேலைகளையும் ஒருசேர இயக்கினால், விவரத்தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வேகத்தில் சிறு பங்குதான் மிஞ்சும். ஓ.டி.சி.யில் அழைப்பு விட்டு விட்டுக் கேட்கத் தொடங்கினால் இரவுப் பொறியாளர் என்ன செய்வார்? ஒவ்வொரு வேலையாக அணைத்து வைப்பார். காலையில் திரும்ப இயக்கினால் புண்ணியம். ஐந்து காவலுக்குப் பணம் கட்டி ஒன்றை மட்டும் ஓடவிட்ட அலுவலகங்கள் எல்லா ஊரிலும் இருந்தன. சிப்புகள் பலம் பெற்று, இரண்டு பெட்டிகளை ஜோடியாகக் கட்டி ஒன்று படுத்தால் மற்றது எழும் எச்.ஏ. ஏற்பாடு வழக்கமான பிறகே பெரிய வளாகங்களின் வாசலுக்கு இவை வந்தன. அப்போது 2007இல் தன் முதல் ஃபயர்வாலைக் கொண்டுவந்த பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் போன்றவை அடுத்த தலைமுறை ஃபயர்வால் என்று வேறு பெயரில் வந்தன. வேலை பெரும்பாலும் அதே வேலைதான்.

பெட்டியின் மூளை ரூல் பட்டியல். மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்துகிற வரியோடு நின்றுவிடும். அதற்குக் கீழே எத்தனை கடுமையான தடை எழுதியிருந்தாலும் கண்ணில் படாது. ஒரு வாடிக்கையாளரின் புதிய அமைப்பு நள்ளிரவில் நேரலைக்கு வருகிறது. ஏதோ ஒன்று இணைப்புப் பெற மறுக்கிறது. மறுமுனையில் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். பட்டியலின் உச்சியில் ஒரு எனி–எனி ரூல் போடப்படும். எங்கிருந்தும் எங்கும் எதுவும் போகலாம். வேலை நடந்துவிடும். காலையில் எடுத்துவிடலாம் என்று குறிப்பு எழுதுவார்கள். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விடுவார். ரூல் இருக்கும். ஒன்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இதைக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் எவரும் சோம்பேறிகள் அல்லர்.

இன்னொரு சிக்கல் பெட்டியின் வேலையிலேயே பிறந்தது. இணையதளங்கள் மறைகுறியாக்கத்துக்கு மாற மாற, பெட்டிக்கு உள்ளே எதுவும் தெரியாமல் போனது. பார்க்க வேண்டுமானால் நடுவில் உட்கார்ந்து பிரித்துப் படித்து மறுபடி மூட வேண்டும். அதற்காக அலுவலகக் கணினிகள் எல்லாவற்றிலும் பெட்டியின் சான்றிதழ் ஒன்றை நம்பகமானது என்று பதிந்து வைப்பார்கள். 2012 ஜூலையில், இணையத்தில் அடையாளத்தை மறைத்து உலவ உதவும் டோர் திட்டத்தினர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். ஜோர்டானில் ஒருவர் தங்கள் தளத்தைத் திறந்தபோது போலிச் சான்றிதழ் வந்ததைத் தெரிவித்தார். தேடிப் போனால் அது சைபரோம் பெட்டியிலிருந்து வந்தது. விற்ற பெட்டிகள் அனைத்திலும் ஒரே சான்றிதழ், ஒரே ரகசியச் சாவி. ஊர் முழுக்க விற்ற பூட்டுகளுக்கெல்லாம் ஒரே திறவுகோல் என்பதைப் போன்ற நிலை. அந்தச் சாவியை யாரோ இணையத்திலும் போட்டுவிட, ஒவ்வொரு பெட்டிக்கும் தனிச் சாவி தரும் திருத்தத்தை சைபரோம் அவசரமாக அனுப்பியது. ஜோர்டானில் அந்த ஒருவர் எச்சரிக்கையைப் படிக்காமல் சரி என்று அழுத்தியிருந்தால் கதை இன்னும் எவ்வளவு காலம் நீண்டிருக்குமோ.

எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள் என்ற கேள்விதான் நம்மைக் கூடுவாஞ்சேரிக்குக் கூட்டிவருகிறது.

ஜி.எஸ்.டி. சாலையில், கூடுவாஞ்சேரியை ஒட்டிய வல்லாஞ்சேரியின் எஸ்டான்சியா வளாகத்தில் இருக்கும் ஜோஹோவை உலகம் அலுவலக மென்பொருள் கம்பெனியாகத்தான் அறியும். 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கியபோது அவர்கள் தொழில் நெட்வொர்க் மேலாண்மை. தொலைத்தொடர்புக் கருவி செய்கிறவர்களே வாடிக்கையாளர்கள். 2000–01இல் அந்தச் சந்தை சரிந்தபோது, கருவி செய்கிறவர்களை விட்டு, கருவி வாங்கி வைத்துக்கொண்டு தவிக்கிறவர்கள் பக்கம் திரும்பினார்கள். மேனேஜ்என்ஜின் அப்படிப் பிறந்தது. அதன் தயாரிப்புகளில் ஒன்று ஃபயர்வால் அனலைசர்.

அது பெட்டி அல்ல. யாருடைய போக்குவரத்தையும் தடுக்காது. பெட்டி எழுதுவதைப் படிக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு ஃபயர்வாலும் தான் செய்த ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு வரி எழுதி 514 என்ற போர்ட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். வரியில் இருப்பது நேரம், எந்த முகவரியிலிருந்து, எந்த முகவரிக்கு, எந்தப் போர்ட், எந்த ரூலின் கீழ், அனுமதியா மறுப்பா, எத்தனை பைட். ஒரு பெரிய வளாகத்தில் ஒரு நாளுக்கு இப்படிக் கோடிக்கணக்கில் குவியும். சிஸ்கோ ஒரு நடையில் எழுதும், செக் பாயின்ட் இன்னொரு நடையில், ஃபார்டிகேட் வேறொரு நடையில். இவை அத்தனையையும் வாங்கிப் பிரித்து, மனிதர் படிக்கும் கேள்விகளாக மாற்றுவதுதான் அந்த மென்பொருளின் தொழில். போன மூன்று மாதத்தில் ஒருமுறைகூடப் பொருந்தாத ரூல்கள் எவை? எந்த ரூல் இன்னொன்றை மறைத்துக்கொண்டிருக்கிறது? சம்பளப் பட்டியல் வைத்திருக்கும் சர்வர் அதிகாலையில் வெளிநாட்டு முகவரிக்கு ஏன் இவ்வளவு பைட் அனுப்பியது?

பெட்டிகள் கலிஃபோர்னியாவிலும் டெல் அவீவிலும் அகமதாபாத்திலும் செய்யப்பட்டன. அவை சொல்வதைப் படிக்கும் தொழில் செங்கல்பட்டு மண்ணில் வளர்ந்தது. மேனேஜ்என்ஜின் போன்ற மென்பொருள் ஒருபக்கம். சிறுசேரியிலும் பரனூரிலும் உலகின் கம்பெனிகளுக்காக இரவு முழுதும் எச்சரிக்கைகளைப் பார்த்து டிக்கெட் போடும் சாக் (பாதுகாப்புக் கண்காணிப்பு மைய) பொறியாளர்கள் மறுபக்கம். பெட்டி விற்றவர்களின் பெயர் வரலாற்றில் ஏறிவிட்டது. படித்தவர்களின் பெயர் ஷிஃப்ட் பதிவேட்டோடு நின்றுவிட்டது. என் கணக்கில் காவல் என்ற வேலையின் பெரும்பாதி அவர்களுடையது. அடுத்து வரும் ஆண்டுகளின் சம்பவங்கள் அதைத்தான் காட்டுகின்றன.

2014 பிப்ரவரியில் பிரிட்டனின் சோஃபோஸ் சைபரோமை வாங்கிவிட்டது. 2018 டிசம்பர் 4 அன்று சைபரோமின் இந்தியத் தலைமையகத்தில், சுவரில் மாட்டிய திரைக்குப் படம் காட்டும் ஒரு கணினி, பக்கத்துக் கணினிகளை ஒவ்வொன்றாகத் துழாவத் தொடங்கியது. யாருடைய சம்பளமும் ரகசியமும் அதில் இல்லை. யாரும் அதைப் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். ஆனால் துழாவல் எச்சரிக்கையாகப் பதிவாகி, பார்ப்பவர் கண்ணில் பட்டது. ஃபயர்வால் செய்கிறவர்களின் வீட்டுக்குள்ளேயே ஆள் நுழைந்திருந்தது அப்படித்தான் தெரிந்தது. சோஃபோஸ் 2024 அக்டோபரில் வெளியிட்ட விரிவான அறிக்கையில், சீனாவிலிருந்து இயங்கிய குழுக்களோடு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்ட மோதலின் முதல் அடியாக இந்தச் சம்பவத்தைத்தான் வைக்கிறது.

அதற்கடுத்த ஆண்டு கடற்கரையின் தென்கோடியில் ஒரு அதிர்ச்சி. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீநிரல் புகுந்ததாகச் செய்தி பரவியது. 2019 அக்டோபர் 29 அன்று மறுப்பு வந்தது; மறுநாள் அணுமின் கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது. இணையத்தோடு இணைந்த நிர்வாக நெட்வொர்க்கில் ஒரு கணினி பாதிக்கப்பட்டிருந்தது. உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து முற்றிலும் பிரித்து வைக்கப்பட்டது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை என்றது அறிக்கை. கணினித் தாக்குதல்களைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்–இன் செப்டம்பர் 4 அன்றே கழகத்துக்குத் தகவல் தந்திருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தில் 1983 முதல் உலை ஓடுகிற மாவட்டத்து மக்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. உலையைக் காப்பாற்றியது எந்தப் பெட்டியும் அல்ல, இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே கம்பியே போடாத பழைய முடிவு. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பிறகு வந்தது 2020. மார்ச் மாதம் சிறுசேரியும் பரனூரும் சில நாட்களில் காலியாயின. அதுவரை பி.பி.ஓ. ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்ய வைப்புத்தொகை உள்ளிட்ட நிபந்தனைகள் வைத்திருந்த தொலைத்தொடர்புத் துறை, மார்ச் 13 அன்று அவற்றைத் தளர்த்தியது. மேசைக் கணினிகளையே வண்டியில் ஏற்றி ஊழியர் வீடுகளுக்கு அனுப்பிய கம்பெனிகள் உண்டு. வளாகத்துக்குள் இருப்பவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே என்ற கணக்கில் செய்த பெட்டிக்கு, ஒரே இரவில் எல்லாரும் வெளியே. வி.பி.என். என்ற ஓர் ஓரத்து வேலை பெட்டியின் முழு வேலையாகிவிட்டது. வாசல் முழுக்க இணையத்தைப் பார்த்துத் திறந்து நின்றது.

ஏப்ரல் 18 அன்று, சிறுசேரியில் பெரிய வளாகம் வைத்திருக்கும் காக்னிசன்ட், மேஸ் என்ற பணயத் தீநிரலின் தாக்குதலுக்கு ஆளானதாக அறிவித்தது. அந்தக் காலாண்டில் 5 கோடி முதல் 7 கோடி டாலர் வரை பாதிப்பு இருக்கும் என்று கம்பெனியே மதிப்பிட்டது. ஏப்ரல் 9க்கும் 11க்கும் இடையிலேயே தகவல்கள் வெளியேறியிருந்தன என்று பின்னர் அனுப்பிய கடிதங்களில் தெரிவித்தது. ஒரு வாரம் முன்பே திருடர் உள்ளே இருந்தார் என்பது அதன் பொருள்.

நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 22 அன்று, சோஃபோஸுக்கு ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. அவருடைய எக்ஸ்.ஜி. ஃபயர்வாலின் நிர்வாகத் திரையில் ஒரு கட்டத்தில் இருக்கக்கூடாத ஏதோ ஒரு எழுத்துக்கோவை இருக்கிறது என்பதே புகார். பெட்டி இயங்கிக்கொண்டுதான் இருந்தது. எந்த விளக்கும் சிவக்கவில்லை. ஆராய்ந்தபோது, உள்நுழையாமலேயே எஸ்.க்யூ.எல். கட்டளையைச் செலுத்தும் ஓட்டை வழியாக உலகெங்கும் இந்தப் பெட்டிகளுக்குள் தாக்குநர்கள் புகுந்து, பயனர் பெயர்களையும் கடவுச்சொல் ஹேஷ்களையும் எடுக்க முயன்றது தெரிந்தது. சோஃபோஸின் புதுப்பிப்புத் தளம்போலவே பெயர் வைத்த முகவரி ஒன்றிலிருந்து நிரல்களை இறக்கியிருந்தார்கள். ஏப்ரல் 25இல் திருத்தம் போனது. சுமார் 81,000 பெட்டிகள் குறிவைக்கப்பட்டன என்று அமெரிக்க நீதித்துறை 2024 டிசம்பரில் குற்றப்பத்திரிகை வெளியிட்டபோது கூறியது.

எல்லாக் காவலையும் ஒரே பெட்டியிடம் ஒப்படைத்தால், அந்தப் பெட்டி விழும்போது எல்லாக் காவலும் சேர்ந்து விழும். பெரிய கம்பெனிகள் 2005இல் தயங்கியதற்கு வேகம் மட்டும் காரணமல்ல, இதுவும்தான். பிறகு வசதி ஜெயித்தது. ஓட்டையை வெளிக்கொண்டுவந்தது ஒரு மனிதரின் கண். திரையில் தினமும் பார்க்கும் ஒரு கட்டம் அன்றைக்கு வேறுமாதிரி இருந்ததை அவர் கவனித்தார்.

நம் ஊரின் தயாரிப்பையும் இந்த இடத்தில் தப்பவிட முடியாது. மேனேஜ்என்ஜினின் ஏ.டி.செல்ஃப்சர்வீஸ் பிளஸ் என்ற மென்பொருளில் பெரிய ஓட்டை இருந்தது, 2021 செப்டம்பரில் அதை அடைக்கும் ஒட்டு வெளியானது, அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. உள்ளிட்ட அமைப்புகள் எச்சரித்தன. செஞ்சிலுவைச் சங்கத்தின் பன்னாட்டுக் குழு அந்த ஒட்டைப் போடவில்லை. நவம்பர் 9 அன்று தாக்குநர் உள்ளே போனார். போராலும் பேரிடராலும் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைக்கும் பணிக்காகச் சேகரித்த 5,15,000க்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அங்கே இருந்தன. காணாமற்போன பிள்ளையைத் தேடி அந்தக் குழுவின் படிவத்தை நிரப்புவது எப்படிப்பட்ட வேலை என்பது ஈழத்துக் குடும்பங்களுக்குத் தெரியும். 2022 ஜனவரி 18 அன்று, அவர்கள் அமர்த்திய பாதுகாப்பு நிறுவனம் சர்வர்களில் ஏதோ வழக்கத்துக்கு மாறாக இருப்பதைக் கண்டது. அதுவரை 70 நாள் ஆகியிருந்தது. கூடுவாஞ்சேரியில் எழுதிய நிரலில் இருந்த பிழை ஜெனீவாவில் யாரைச் சுட்டது என்பதை இந்தத் தொழிலில் இருக்கும் ஒவ்வொரு இளைஞரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒட்டு எழுதுவது பாதி வேலை. அது போடப்பட்டதா என்று துரத்திக் கேட்பது மறுபாதி.

2022 ஏப்ரல் 28 அன்று செர்ட்–இன் ஓர் உத்தரவு போட்டது. தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லாக் கருவிகளும் எழுதும் பதிவுகளை, அதாவது லாக்குகளை, 180 நாள் வைத்திருக்க வேண்டும். எல்லாக் கடிகாரங்களும் தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். கடிகாரச் சங்கதி சிறியதாகத் தோன்றும். ஃபயர்வாலின் நேரமும் சர்வரின் நேரமும் நான்கு நிமிடம் விலகியிருந்தால், எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்றே சொல்ல முடியாது. கோடி வரி இருந்தும் பயனில்லை. உத்தரவின் கெடுபிடியைப் பற்றித் தொழில் அமைப்புகள் முறையிட்டன. 6 மணி நேரம் போதாது என்பதில் நியாயம் உண்டு. லாக் விஷயத்தில் அந்த உத்தரவு சரியானது என்பதே என் கட்சி. எத்தனையோ நிறுவனங்கள் வட்டு நிரம்புகிறது என்று ஏழே நாளில் அழித்துக்கொண்டிருந்தன. 70 நாள் ஒளிந்திருப்பவரை ஏழு நாள் பதிவில் எங்கே தேடுவது?

இப்போது பெட்டியே இடம் மாறிக்கொண்டிருக்கிறது. இமாச்சலத்தின் உனா மாவட்டத்துக் கிராமத்திலிருந்து போன ஜெய் சவுத்ரி தொடங்கிய ஸிஸ்கேலர் போன்றவை, ஐந்து காவலையும் வளாகத்து ரேக்கிலிருந்து எடுத்து மேகத்தில் வைத்து வாடகைக்குத் தருகின்றன. சிறுசேரியில் அலுவலகத் தளங்களின் பக்கத்திலேயே இப்போது டேட்டா சென்டர்கள் எழுந்து நிற்கின்றன. முன்பு நிலம் பார்க்க வந்த சர்வேயர்கள் இப்போது அங்கே மின்சாரக் கம்பியின் திறனையும் தண்ணீரையும் கேட்டு வருகிறார்கள். மாமல்லபுரம் சாலையில் அந்தக் கட்டடங்களுக்கு எவ்வளவு மின்சாரம் தேவை, அது எந்த வழியில் வருகிறது என்பது அடுத்த பகுதி.

(தொடரும்)